கோழி கூவும் முன் பார்த்த கோடு

அக்கா,

செவ்வாய்க்கிழமை காலை, கதவைத் தள்ளிக்கொண்டு வாடைதான் முதலில் உள்ளே வந்தது. ஆள் பின்னால்தான். மீன் கூடையின் கவிச்சி, அதற்கடியில் இரத்தக் கழிச்சலின் வாடை. இரண்டாவது வாடை ஒருமுறை மூக்கில் ஏறினால் மத்தியானச் சோறு வரைக்கும் இறங்காது. இரண்டும் சேர்ந்து வந்தால் அது நீங்கள்தான். நான் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே, "வாங்க அக்கா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன்.

 நிமிர்ந்து பார்த்தால் உங்கள் மகள் செல்வி நின்றிருந்தாள். உங்கள் கூடைதான். இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது தோளை லேசாகச் சாய்த்து நிற்கிற நிலையும் உங்களுடையதுதான். கூடைக்குள் ஈரச் சாக்கின் மேல் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. "அம்மா இல்ல டாக்டரம்மா, நாந்தான்" என்றாள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எனக்கு அது தெரியாதா என்ன? என் வாய்க்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

குட்டியின் பின்பக்கத்தில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, குப்பியில் இருந்த நீரில் கலக்கி, பரிசோதனைக் கிட்டில் நான்கு சொட்டு விட்டேன். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே செல்வி எழுந்து போய் அலமாரியின் மேலிருந்த உங்கள் பிளாஸ்டிக் கோழியை எடுத்து, அதன் கழுத்தைத் திருகிப் பத்தில் வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கோழி டிக் டிக் என்று ஓடத் தொடங்கியது. அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் என்னிடம் முதல் முறை வந்தது நினைவிருக்கிறதா? பெசன்ட் நகரில் அந்த வீட்டின் கார் ஷெட்டைத் தடுத்து நான் கிளினிக் போட்ட புதிது. வெள்ளச்சியின் உதட்டில் தூண்டில் முள் ஏறியிருந்தது. குப்பத்திலிருந்து அத்தனை தூரம் ஒரு தெருநாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தீர்கள். உங்கள் புடவையெல்லாம் இரத்தம். நான் முள்ளை வெட்டி எடுக்கிற வரைக்கும் அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சும்மா கெட, உனக்குத்தான் நல்லது" என்று அதட்டிக்கொண்டே இருந்தீர்கள். அந்த அதட்டல் வெள்ளச்சிக்கா எனக்கா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கத்தரியை இரண்டு முறை நழுவவிட்டவள் நான்தான்.

அடுத்த நாள் ஒரு வாழை இலையில் நாலு சங்கரா மீன் கட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் இரண்டடி பின்னால் போனேன். "தோடா! நாய் வவுத்துக்குள்ள கைய வுட்டு நோண்டுற, மீனப் பாத்தா மூக்கப் பொத்துற? இன்னா டாக்டரு நீ?" என்றீர்கள். மயிலாப்பூரில் குளத்துக்கு அருகே எங்கள் வீடு, மீன் உள்ளே நுழைந்ததே இல்லை என்று சொன்னேன். சிரித்துச் சிரித்து உங்களுக்குப் புரையேறியது. அதற்கப்புறம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிற நாளெல்லாம் என் அம்மா வாசலிலேயே, "என்னடி இது, ஆத்துக்குள்ள மீன் வாடை அடிக்கறது, நேரா போய்க் குளி" என்பாள். இப்போது அந்த வாடை வராத நாட்களில் அம்மாவே, "ஏண்டி, அந்த மீன்காரம்மா இப்பல்லாம் வரதில்லையா?" என்று கேட்கிறாள். அவளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். மறந்துவிடுகிறாள்.

பார்வோ என்ற சொல்லை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதற்கு முன் உங்களுக்கு அது 'குட்டிங்களுக்கு வர்ற காலரா'. கிட் வருவதற்கு முன்னால் எங்களுக்கும் மூக்குதான் கருவி. வாடையை வைத்து யூகிப்போம். ஆய்வகத்துக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் குட்டி போய்விடும். அதனால்தான் அந்த விரல் நீள வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டை முதன்முதலாக என் மேசைக்கு வந்தபோது நான் அதைப் பெருமையாக உங்களிடம் காட்டினேன். ஒரு கோடு வந்தால் கிட் வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடு வந்தால் பார்வோ. நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க புள்ள கீதா இல்லியான்னு பாப்பாங்களே, அத்த மாரியா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "அதுல ரெண்டு கோடு வந்தா சிரிப்பாங்கோ. இதுல ரெண்டு வந்தா அழுவணும்" என்றீர்கள்.

அன்று நாம் இருவரும் சிரித்தோம்.

இனி, ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை. வெள்ளச்சி கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஐந்து குட்டி போட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. சங்கரா, வவ்வால், மத்தி, சுறா, நெத்திலி என்று எல்லாவற்றுக்கும் மீன் பெயராக நீங்கள்தான் வைத்தீர்கள். நெத்திலி பெயருக்கேற்றபடி எலும்பும் தோலுமாக இருந்தான். அவன்தான் முதலில் வாந்தி எடுத்தான். முந்தின வருடம் உங்கள் சந்தில் ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுக்கச் செத்துப் போனதில் ஆட்களுக்குப் பயம் பிடித்திருந்தது. வியாதி நாய் என்றால் சாக்கில் கட்டி எங்கேயாவது விட்டுவிட்டு வந்துவிடுவோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் மீனைக்கூட இறக்காமல், கூடையின் ஒரு பக்கம் மீனும் மடியில் நெத்திலியுமாக நேராக என்னிடம் ஓடி வந்தீர்கள்.

நான் நான்கு சொட்டு விட்டேன். வெளியே ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒரு லேப்ரடார் தடுப்பூசிக்கு வந்து, காரில் இருந்தபடி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தது நாய் இல்லை, நாய்க்காரர். உள்ளே இன்னும் மூன்று பேர். நீங்களும், "சீக்கிரம் பாத்து சொல்லு கண்ணு, மீனு காயுது" என்றீர்கள். இளஞ்சிவப்பு நீர் ஊர்ந்து போய், முதல் கோடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது இடம் வெள்ளையாக இருந்தது.

பத்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருக்கிற தாளில் போட்டிருக்கிறது. மங்கலான கோடும் கோடுதான் என்றும் போட்டிருக்கிறது. நான் அந்தத் தாளை நூறு முறை படித்தவள். அன்று ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "பார்வோ இல்ல அக்கா. பூச்சிதான். மருந்து கொடுக்கறேன், தாய்கிட்டயே விடுங்க" என்றேன்.

உங்கள் முகம் அப்படி மலர்ந்தது. கிட்டைக் குப்பையில் போடப் போன என் கையைப் பிடித்தீர்கள். "இத்த நா எடுத்துக்கினு போறேன். சந்துல கீறவங்களுக்குக் காட்டணும். ஒத்தக் கோடுதான் பாருங்கடான்னு மூஞ்சில காட்டணும்" என்று சொல்லி, பஞ்சால் சுற்றி இடுப்புச் சுருக்குப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். குப்பையை வெளியே கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். உங்கள் சந்தோஷத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். லேப்ரடாரைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை நெத்திலி போனான். செவ்வாய் மத்தியும் வவ்வாலும். நீங்கள் மிச்ச இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தபோது வாடை வாசலிலேயே சொல்லிவிட்டது. சொட்டு விட்ட இரண்டாவது நிமிடமே இரண்டு கோடும் பட்டையாக எழும்பின. டிரிப்ஸ் ஏற்றினேன். சுறா வியாழக்கிழமை என் மேசையிலேயே போனான். சங்கரா வெள்ளிக்கிழமை வரை தாக்குப் பிடித்தது.

அப்போது நீங்கள் கேட்டீர்கள். கத்தவில்லை, சண்டை போடவில்லை. "அன்னிக்கு இல்லன்னியே கண்ணு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"சில சமயம் கிட் தப்பா காட்டும் அக்கா" என்றேன்.

பொய் இல்லை. சில சமயம் காட்டும்தான். ஆரம்ப நாட்களில் கோடு வராமலே போகலாம், மற்ற குட்டிகளுக்கு அதற்கு முன்பே தொற்றியிருக்கலாம், பிரித்து வைத்திருந்தாலும் பிழைத்திருக்காது. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உண்மைகளை வரிசையாக அடுக்கி அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். ஐந்து நிமிடத்தில் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் வாயில் வரவில்லை. எனக்கு வெட்கம். அதைவிட, நீங்கள் இனி என்னிடம் வரமாட்டீர்கள் என்ற பயம்.

மறுநாள் மனசு கேட்காமல் குப்பத்துக்கு வந்தேன். வெள்ளச்சி அந்தப் படகுக்கு அடியில் படுத்திருந்தது. குடிக்கக் குட்டி இல்லாமல் மடி கல்லாகக் கட்டியிருந்தது. நீங்கள் நாலு முழம் மல்லிகைப் பூவை அதன் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். "பால் வத்திடும். எனக்கு மொத புள்ள தவறுனப்போ எங்கம்மா இப்டித்தான் கட்டிச்சு" என்றீர்கள். வெள்ளச்சி அசையாமல் கட்டிக்கொள்ள விட்டது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அந்த வைத்தியம் இல்லை. அங்கே நின்று நான் அழுதேன். நீங்கள் உங்கள் முந்தானையை என்னிடம் நீட்டினீர்கள். அதிலும் மீன் வாடை.

அதற்கப்புறம் இருபது நாள் நீங்கள் வரவில்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தோராவது நாள் கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து, பையைத் தலைகீழாக மேசையில் கொட்டினீர்கள். சிவப்புக் கொண்டை வைத்த மஞ்சள் கோழி உருண்டது. செல்விக்குத் துணி எடுக்க தி.நகர் போன இடத்தில், பிளாட்பாரத்தில் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தானாம். கழுத்தைத் திருகினால் ஓடும், நேரம் வந்தால் மணி அடிக்கும். "இனிமே கோழி கூவுனாத்தான் கோடு. அதுக்கு முன்னாடி நா எந்திரிக்க மாட்டேன், நீயும் பாக்கக் கூடாது. சரியா?" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. தெரிந்துவிட்டதா? உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "சரி அக்கா" என்றேன்.

அப்படித்தான் ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியது. நம் பழக்கம் முழுவதும் பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்ததுதானே? நீங்கள் கழுத்தைத் திருகிவிட்டு பெஞ்சில் குந்துவீர்கள். நான் பக்கத்தில் உட்காருவேன். வெளியே யார் எத்தனை ஹார்ன் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் கடலுக்குப் போவதை நிறுத்தியது, செல்வி பத்தாவதில் கணக்கில் தவறி மறுபடி எழுதிப் பாஸ் பண்ணியது, எல்லாம் அந்த டிக் டிக்குக்கு நடுவில்தான் கேட்டேன். எனக்குக் கல்யாணம் முறிந்ததை என் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்பே உங்களிடம் சொன்னதும் அப்படித்தான். நீங்கள் கோழியின் கொண்டையை ஒருமுறை தடவினீர்கள். அப்புறம், "அந்த ஆளுக்கு நாயி புடிக்குமா?" என்று கேட்டீர்கள். பிடிக்காது என்றேன். "அப்பறம் இன்னாத்துக்கு அழுவுற, வுடு" என்றீர்கள். நான் அழுகையோடு சிரித்தேன், கோழி கூவியது, அன்று ஒரு கோடுதான்.

ஒன்றை அப்போதே கவனித்தேன், அர்த்தம் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நீங்கள் கிட்டைக் கையால் தொட்டதே இல்லை. மேசையில் நகர்த்தக்கூட மாட்டீர்கள். "நீயே புடி" என்பீர்கள். கோடு தெரிகிற நேரம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வீர்கள்.

குப்பத்தில் ஒரு ஈற்று முழுசாக அழிந்தது அதற்குப் பிறகு நடக்கவில்லை. இரண்டு கோடு வந்தால் நீங்கள் ஒரு ராணுவம். வியாதிக் குட்டி வேறு இடம், அதற்கு வேறு தட்டு, தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைசல், தொட்ட கையோடு மற்றதைத் தொட்டால் யாராக இருந்தாலும் திட்டு. குட்டிகளுக்கு வயது வந்ததும் கூடையில் போட்டுத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்துவிடுவீர்கள். சந்து ஆட்களே உங்களைக் கேலி செய்தார்கள். நீங்கள் அசரவில்லை.

ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் நான் சொல்லலாம் என்று நினைத்தேன். நம்புங்கள் அக்கா. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து, நீங்கள் வேறு ஏதாவது சிரிக்கச் சொல்ல, சரி அடுத்த முறை என்று விட்டுவிடுவேன். கடைசியாக, நீங்கள் நோயில் படுப்பதற்கு ஒரு மாதம் முன்பு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "அக்கா, அந்த அஞ்சு குட்டி... நெத்திலியைப் பார்த்தேனே, அன்னிக்கு..." என்றேன். நீங்கள் சட்டென்று என் முழங்காலில் தட்டினீர்கள். "கம்முனு கோழியப் பாரு. பூட்டதப் பத்தி இன்னா பேச்சு?" என்றீர்கள். உங்கள் குரல் கரகரவென்று இருந்தது. உங்களுக்கு அந்த நினைப்பு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும்கூட. எவ்வளவு சுலபமாக நான் வாயை மூடிக்கொண்டேன்!

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டு நான் கிளம்புவதற்குள் செய்தி வந்துவிட்டது. உங்களைத் தூக்கிப் போனபோது நான் தெரு முனையில் நின்றேன். பறை அடித்தவர்களுக்குப் பின்னால் வெள்ளச்சி தளர்ந்து தளர்ந்து நடந்து போனது. யாரும் அதை விரட்டவில்லை. கிளினிக்குக்குத் திரும்பி வந்து கோழியைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு கைபேசியில்தான் நேரம் பார்த்தேன். கோழியைத் திருக எனக்கு மனசு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை செல்வி அதைத் திருகினாள்.

ஐந்தாவது நிமிடம் கிட்டைப் பார்த்தேன். ஒரு கோடு. இரண்டாவது இடம் வெள்ளை. அதே மாதிரி.  பக்கத்தில் நீங்கள் இல்லை, உங்கள் பெண் இருக்கிறாள், இன்னும் ஐந்து நிமிடம் ஓட வேண்டும். இதையும் விட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"செல்வி, உங்கம்மாகிட்ட நான் ஒரு பொய் சொன்னேன்" என்றேன். எல்லாம் சொன்னேன். ஹார்ன், லேப்ரடார், ஐந்து நிமிடம், தாள், கிட்டின் மேல் பழி போட்டது, எல்லாம். அவள் கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள், எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும் டாக்டரம்மா" என்றாள்.

"எது?"

"ரெண்டு கோடுன்னு. அன்னிக்கு மத்தியானமே தெரியும்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் மீனை விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, சந்து ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "ஒத்தக் கோடு, ஒத்தக் கோடுன்னு சொல்லிக்கினே பையிலேர்ந்து எடுத்துச்சு. நா பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். பாத்தா ரெண்டு கீது. ரெண்டாவது மங்கலா, ஆனா கீது. அம்மா, ரெண்டு கீதேன்னேன். என்னைய ஒரு மொற மொறச்சுச்சு பாரு. கட்ட வெரல அந்த ரெண்டாவது கோட்டு மேல வெச்சி மறைச்சிக்கினு, அப்டியே எல்லார்க்கும் காட்டிச்சு. பாருங்கடா, டாக்டரு குடுத்துச்சு, ஒத்தக் கோடுன்னு."

என் பார்வை அவள் கட்டை விரலுக்குப் போனது.

"அப்பால உள்ள வந்து நா கேட்டேன். படிச்சது டாக்டரா நானா, அது இல்லன்னா இல்ல, கோடு இன்னா கோடுன்னுச்சு. நெத்திலிய தூக்கி வெள்ளச்சியாண்ட வுட்டுச்சு. அஞ்சும் பூட்ட அப்பறம் சோறு துன்னல டாக்டரம்மா. நாந்தான் அவசரப்படுத்துனேன், நாந்தான் வெரல வெச்சி மறைச்சேன், திரும்பிப் போயி காட்டிருந்தா அது பாத்திருக்கும், அஞ்சையும் நாந்தான் கொன்னேன்னு ஒரே பொலம்பல். டாக்டர்ன்ட சொல்லிடாத, அதுக்குத் தெரிஞ்சா என்னைய உள்ளயே வுடாதுன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிச்சு. இந்தக் கோழியக் கூட அதுக்குத்தான் வாங்கிச்சு. நா இனிமே அவசரப்பட மாட்டேன்னு."

கோழி கூவியது. இருவரும் துள்ளிவிட்டோம். கிட்டைப் பார்த்தேன். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோடு, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு, ஆனால் இருந்தது. செல்வியும் பார்த்துவிட்டாள். "கூடப் பொறந்த மத்த நாலையும் நேத்தே வேற எடத்துல வெச்சிட்டேன், கை கழுவிட்டுத்தான் இத்தத் தூக்கினேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியின் முன்னங்காலை எனக்காக நீட்டிப் பிடித்தாள். நான் ஊசியை ஏற்றினேன். குட்டியின் பெயர் கேட்டேன். சங்கராவாம். இந்த வீட்டுக்கு வேறு மீனே கிடைக்காதா?

இன்று வெள்ளிக்கிழமை. மற்ற நாலுக்கும் இதுவரை ஒன்றுமில்லை. சங்கரா வாந்தியை நிறுத்தியிருக்கிறது. காலையில் என் விரலில் தொட்ட தண்ணீரை நக்கியது. பிழைக்கும் என்று சொல்லமாட்டேன். அவசரப்பட்டுச் சொல்வதை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

மூன்று நாளாக எனக்கு உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது அக்கா. ஒரே பெஞ்சில், ஒரே கோழியைப் பார்த்துக்கொண்டு, அந்த ஐந்து குட்டியையும் நீங்கள் ஒரு பக்கம் மறைத்தீர்கள், நான் ஒரு பக்கம் மறைத்தேன். உங்களை உள்ளே விடமாட்டேன் என்றா நினைத்தீர்கள்? நீங்கள் வராமல் போய்விடுவீர்கள் என்றல்லவா நான் செத்துக்கொண்டிருந்தேன்! அன்று நான் பேச ஆரம்பித்தபோது என் முழங்காலில் தட்டினீர்களே, என்னைக் காப்பாற்றத்தான் தட்டினீர்கள் என்றுகூட இனி நினைக்க முடியாது. உங்கள் தப்பை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பயந்திருக்கிறீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் அந்த மத்தியானமே திரும்பி ஓடி வந்து அந்த மங்கல் கோட்டைக் காட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? பத்து நிமிடம் தாண்டி வருகிற கோடு கணக்கில்லை என்று தாளில் போட்டிருக்கிறது. அதைத்தான் எடுத்துக் காட்டியிருப்பேன். "நேரம் போயாச்சு அக்கா, அது செல்லாது, நீங்க போய் மீனைப் பாருங்க" என்று அதட்டி அனுப்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் வந்திருந்தாலும் நெத்திலி அந்தப் படகுக்கு அடியில்தான் படுத்திருப்பான். உங்கள் விரல் எதையும் மறைக்கவில்லை. அதற்கு முன்பே நான் பார்க்காமல் விட்டிருந்தேன். நீங்கள் சீக்கிரம் என்றீர்கள், சரி. மீன் காய்ந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். உட்காருங்கள் என்று சொல்ல வேண்டியது என் வேலை.

செல்வி நேற்று கிளம்பும்போது கோழியை எடுத்துக்கொண்டு போகிறாயா, உன் அம்மாவுடையதுதானே என்று கேட்டேன். "இங்கயே கெடக்கட்டும், நா வந்துக்கினுதான இருப்பேன்" என்றாள். அது அலமாரியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது. இன்று காலை ஒருவர் ஐந்தாவது நிமிடத்தில், "ஒரு கோடுதானே மேடம், கிளம்பட்டுமா?" என்றார். உட்காருங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. கோழி கூவுகிற வரைக்கும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் உட்காருகிற இடத்தை விட்டுவிட்டு, தள்ளி.

உங்கள் பெண்ணுக்குச் சொல்லிவிட்டேன். இனி உங்களுக்குத்தான். அஞ்சும் உங்க கையால போகலை அக்கா. நீங்க பார்த்தது சரி, அது ரெண்டு கோடுதான். கட்டை விரலை எடுத்துடுங்க.